கோல் போஸ்ட்டுக்குக் காவல் நிற்கும் ஃபார்வர்டும், பழி சுமக்கும் மிட்ஃபீல்டும்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸ் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு வசனம் காதில் விழும். "நம்மகிட்ட மிட்ஃபீல்டே இல்ல மாப்ள." தோற்றது லோக்கல் டீமாக இருக்கலாம், சென்னையின் எஃப்சியாக இருக்கலாம், முந்தின ராத்திரி டிவியில் பார்த்த மான்செஸ்டர் யுனைடெட்டாகக்கூட இருக்கலாம். தீர்ப்பு மட்டும் மாறாது. தோற்றால் குற்றவாளி நடுவில் ஆடியவன். ஜெயித்தால் ஹீரோ முன்னால் நின்றவன். நாட்டாமைகூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு சொல்ல மாட்டார்.

அடுத்த வாரம் என்ன நடக்கும்? எட்டாம் நம்பர் சட்டை போட்டவன் பெஞ்சுக்குப் போவான். சோழவந்தானிலிருந்தோ மேலூரிலிருந்தோ காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, தொண்ணூறு நிமிஷம் நாக்குத் தள்ள ஓடி, சாயங்காலம் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவன் அவன். ஒன்பதாம் நம்பர்? அவன் பாட்டுக்கு கோல் போஸ்ட்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்பான். போன வாரமும் அங்கேதான் நின்றான். "பால் வரவே இல்லண்ணே, நான் என்ன பண்றது?" என்பது அவனுடைய நிரந்தர வாக்குமூலம். கோச்சும் தலையை ஆட்டுவார்.

பால் ஏன் வரவில்லை என்று ஒருத்தராவது திருப்பிக் கேட்கிறார்களா? அவன் நிற்கிற இடத்தால்தான் வரவில்லை. இந்தச் சின்ன விஷயம் புரியாமல் எத்தனை நல்ல மிட்ஃபீல்டர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும்.

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஃபுல் சைஸ் கிரவுண்ட் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். தன் டிஃபன்ஸிடமிருந்து பாலை வாங்கும் மிட்ஃபீல்டர் சுமாராக நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பான். ஃபார்வர்டு எதிரணி சென்டர் பேக்கின் தோளில் தோள் உரசிக்கொண்டு பெனால்டி பாக்ஸ் விளிம்பில் நிற்கிறான் என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது மீட்டர் இருக்கிறது. அந்த நாற்பது மீட்டரில் எதிரணி ஆட்கள் நான்கைந்து பேர் நிற்கிறார்கள். மிட்ஃபீல்டருக்கு மூன்றே வழி. தூக்கி அடிக்கலாம், அது எதிரணி ஸ்டாப்பரின் தலைக்குப் போகும். பக்கவாட்டில் கொடுக்கலாம், "என்னடா சைடுலயே உருட்டுற" என்று கரையிலிருந்து சத்தம் வரும். தானே பாலை வைத்துக்கொண்டு போகலாம்; மூன்று பேர் சேர்ந்து பிடுங்குவார்கள், அவன் விட்ட இடம் காலியாகும், அங்கிருந்து கோல் வாங்குவோம். மூன்றில் எதைச் செய்தாலும் அவன்தான் குற்றவாளி. இப்படி ஒரு பரீட்சை வைத்தால் யார்தான் பாஸாவார்கள்?

இப்போது அந்த ஃபார்வர்டு பதினைந்து மீட்டர் இறங்கி வரட்டும். அவனை மார்க் பண்ணும் சென்டர் பேக்குக்குத் தலைவலி ஆரம்பம். கூடவே வந்தால் அவன் பின்னால் ஒரு பொந்து விழும். விங்கர் உள்ளே வெட்டி ஓடினால் கோல் கீப்பருடன் நேருக்கு நேர். வராமல் நின்றால் ஃபார்வர்டு சும்மா நின்று பாலை வாங்கித் திரும்பலாம். நடுவில் மூன்றுக்கு மூன்றாக இருந்த சண்டை நான்குக்கு மூன்றாகிவிடும். அதே மிட்ஃபீல்டர், அதே கால், அதே மூளை. ஆனால் திடீரென்று அவன் "என்னா பாஸ்டா!" ஆகிவிடுவான்.

கபடி பார்க்கிற ஊருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ரெய்டர் வலது கார்னர் பக்கம் போகிறான். மொத்த செயினும் அந்தப் பக்கம் சாய்கிறது. இடது பக்கம் வாய் திறக்கிறது. சட்டென்று அந்தப் பக்கம் பாய்ந்து போனஸ் கோட்டைத் தாண்டுகிறான். முதலில் வலது பக்கம் போனது பாயிண்ட் எடுக்கவா? செயினை இழுக்கத்தான். இது அலங்காநல்லூரில் பத்து வயசுப் பையனுக்கும் தெரியும். ஃபுட்பாலுக்கு வந்தால் மட்டும் எல்லோருக்கும் மறந்துபோகிறது.

இது ஏதோ நேற்று கண்டுபிடித்த சமாச்சாரமும் அல்ல. 1953 நவம்பர் 25, லண்டன் வெம்ப்ளி. இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று அடித்துத் துவைத்தது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிடெக்குட்டி சென்டர் ஃபார்வர்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை, பின்னால் இறங்கி நின்றார். அவரை மார்க் பண்ண வேண்டிய ஹாரி ஜான்ஸ்டனுக்குக் கூடப் போவதா, இடத்தில் நிற்பதா என்று கடைசி வரை முடிவெடுக்க முடியவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல். 2009 மே 2, மாட்ரிட் பெர்னபெவ். பார்சிலோனா மெஸ்ஸியை நடுவில் கொண்டுவந்து இறக்கி விளையாட வைத்து ரியலை 6-2 என்று நொறுக்கியது. இந்த இரண்டையும் யூடியூபில் பார்க்காத ஃபுட்பால் வெறியர் மதுரையில் இருக்க முடியாது. பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள்? "மெஸ்ஸி கடவுள்டா." கடவுள்தான், சரி. அந்தக் கடவுள் எங்கே நின்றார் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம் இல்லையா? சாவியும் இனியெஸ்டாவும் அன்றைக்கு அப்படி ஆட முடிந்ததற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

"அதெல்லாம் ஐரோப்பா தம்பி, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று சொல்லும் அண்ணன்களுக்காகவே நம்ம ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. மதுரைக்காரர்கள் சொந்த டீமாக நினைத்துத் திட்டுவதும் அதைத்தான் என்பதால் வசதி.

2019-20 ஐஎஸ்எல் சீசன், சென்னையின் எஃப்சி. ஜான் கிரிகரி கோச். முதல் நான்கு மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. கோவாவிடம் 0-3, மும்பையுடன் 0-0, ஏடிகேவிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. பிறகு ஹைதராபாத்தை 2-1 என்று எப்படியோ ஜெயித்து, ஒடிசாவுடன் 2-2 டிரா. ஆறு மேட்ச், ஐந்து பாயிண்ட், நான்கு கோல். கிரிகரி விலகினார். டீக்கடைத் தீர்ப்பு அப்போதும் தயார். "மிட்ஃபீல்டு சரியில்ல. தாப்பா சின்னப் பையன். தன்பால் கணேஷ் இல்லாதது பெரிய அடி." (தன்பால் விஷயத்தில் நியாயம் உண்டு. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான செமி ஃபைனலில் கோல் அடித்த வியாசர்பாடிப் பையன், அந்த வருஷமே முழங்காலில் காயம் பட்டு உட்கார்ந்தது பெரிய இழப்புதான்.)

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். மிச்சம் பன்னிரண்டு லீக் மேட்ச். இருபத்தெட்டு கோல், இருபத்து நான்கு பாயிண்ட். கடைசி இடங்களில் தத்தளித்த டீம் 29 பாயிண்டோடு நான்காவது இடம் பிடித்து செமி ஃபைனல் போனது. கேரளாவை அவர்கள் ஊரிலேயே 6-3, ஜாம்ஷெட்பூரை 4-1, கொல்கத்தாவிலேயே ஏடிகேவை 3-1.

ஆறு மேட்ச்சில் நான்கு கோல். பன்னிரண்டு மேட்ச்சில் இருபத்தெட்டு. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அதே தாப்பா, அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே, அதே வால்ஸ்கிஸ், அதே ஷெம்ப்ரி. "இல்லாத" மிட்ஃபீல்டு எந்தக் கடையில் கிடைத்தது?

அந்த மேட்ச்களின் வீடியோவை எடுத்துப் பாருங்கள், பாலைப் பார்க்காமல் நெரியுஸ் வால்ஸ்கிஸை மட்டும் பாருங்கள். லிதுவேனியாக்காரர், நல்ல உயரம், பாக்ஸில் நின்றாலே நாலு கோல் வரும் ஆள். ஆனால் நிற்க மாட்டார். ஒரு தடவை இடது ஓரம் போவார், சாங்தே அந்த இடத்துக்கு உள்ளே வெட்டுவார். அடுத்த தடவை நடுவில் இறங்குவார், ஆந்த்ரே ஷெம்ப்ரி முன்னால் ஓடுவார். இதற்கெல்லாம் நடுவில் ரஃபேல் கிரிவெல்லாரோவுக்குத் திரும்பிப் பார்க்க இரண்டு விநாடி கிடைக்கும். அந்த இரண்டு விநாடிதான் எல்லாம். பிரேசில்காரரின் இடது கால் அந்த இரண்டு விநாடியில் என்ன செய்யும் என்று மொத்த இந்தியாவும் அந்த வருஷம் பார்த்தது. முதல் நான்கு மேட்ச்சிலும் அதே கால்தான் அவரிடம் இருந்தது, கழற்றி வைத்துவிட்டு வரவில்லை :-)

வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல், தங்கக் காலணி. அதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கூடவே அவர் 6 அசிஸ்ட் கொடுத்தார் என்பதைக் கேட்டால் முழிப்பார்கள். பாக்ஸில் காவல் நிற்கும் ஆளுக்கு ஆறு அசிஸ்ட் வராது.

இதைவிடப் பெரிய சாட்சி 2020 பிப்ரவரி 29, சென்னை நேரு ஸ்டேடியம், செமி ஃபைனல் முதல் லெக். லீக்கில் முதலிடம் பிடித்த கோவாவை 4-1 என்று சென்னை அடித்தது. கோல் அடித்தவர்கள் யார்? கோயன், தாப்பா, ஈலி சபியா, சாங்தே. இரண்டு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர், ஒரு விங்கர். தங்கக் காலணி வாங்கின ஸ்ட்ரைக்கர் பேர் லிஸ்டிலேயே இல்லை. அன்றைக்கு அவர் மோசமாக ஆடினாரா? கோவாவின் டிஃபன்ஸைக் கேளுங்கள். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர்கள் சுற்றிய சுற்று இருக்கிறதே, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர்கள்கூட அப்படிச் சுற்ற மாட்டார்கள்.

இரண்டாவது லெக் 4-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பித்து, மார்ச் 14 அன்று கொரோனாவால் ஆளில்லாத ஃபதோர்டாவில் ஃபைனல். ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. அந்த மூன்று கோலையும் அடித்தது யார் தெரியுமா? ஜாவி ஹெர்னாண்டஸ் இரண்டு, எடு கார்சியா ஒன்று. இரண்டு பேருமே நடுவில் ஆடுகிறவர்கள். ராய் கிருஷ்ணா என்ற பயங்கரமான ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு கோப்பையை மிட்ஃபீல்டர்களை வைத்து எடுத்தார்கள். சென்னை டிஃபன்ஸ் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்தவர்கள் அடித்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். கோச் மாறினாலே டீமுக்கு ஒரு தெம்பு வரும், ஃபிட்னஸ் மாறும், அதெல்லாம் கணக்கில்லையா? கணக்குத்தான். எட்வின் வான்ஸ்பாலை கோய்ல் நடுக்களத்தில் ஆட வைத்ததும் பெரிய காரணம். நெய்வேலிக்காரர், அதற்கு முந்தைய சீசனில் சென்னை சிட்டியோடு ஐ-லீக் ஜெயித்துவிட்டு வந்தவர், பாலைப் பிடுங்கிச் சத்தமில்லாமல் பக்கத்தில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர். ஆனால் யோசியுங்கள், எட்வின் பிடுங்கிக் கொடுத்த பால் தாப்பாவுக்கோ கிரிவெல்லாரோவுக்கோ போன பிறகு, முன்னால் எல்லோரும் சிலையாக நின்றிருந்தால் அது எங்கே போயிருக்கும்? திரும்ப எட்வினுக்கே.

தாப்பாவைப் பற்றி இன்னொன்று. 2018-19 சீசனில் சென்னையின் கடைசி இடம். பதினெட்டு மேட்ச்சில் ஒன்பது பாயிண்ட். நடப்பு சாம்பியன் இப்படி விழுந்ததில் எல்லோருக்கும் கடுப்பு, எல்லோருக்கும் மிட்ஃபீல்டு மேல் கோபம். அந்த சீசனுக்கு நடுவில், 2019 ஜனவரி 6, அபுதாபியில் ஆசியக் கோப்பை. இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. மூன்றாவது கோல் அனிருத் தாப்பா, கீப்பர் தலைக்கு மேல் அலேக்காகத் தூக்கிப் போட்டது. கிளப்பில் "சரியில்லாத" அதே பையன், நாட்டுக்கு ஆடும்போது பெனால்டி பாக்ஸ் வரை ஓடிப்போய் கோல் அடிக்கிறான். ஒரே மாசத்தில் இரண்டு தாப்பாவா? அபுதாபியில் அவனுக்கு முன்னால் சுனில் சேத்ரியும் ஆஷிக் குருனியனும் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள், ஓரத்தில் உதாந்தா ஓடிக்கொண்டிருந்தார். எதிரணி டிஃபன்ஸ் அவர்கள் பின்னால் போனது. தாப்பாவுக்கு ஓட இடம் இருந்தது. கிளப்பில் அந்த சீசன் முழுக்க ஜேஜேக்கு லீக்கில் ஒரே ஒரு கோல். முந்தைய சீசனில் ஒன்பது அடித்தவர். முன்னால் இருப்பது உறைந்துபோனால் நடுவில் இருப்பதும் உறையும். தனித்தனியாகப் பிரித்து ஒன்றுக்கு மார்க் போட்டு இன்னொன்றை ஃபெயிலாக்க முடியாது. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டு கம்பெனி லாபமா நஷ்டமா என்று சொல்கிற மாதிரிதான் அது.

2020-21 வந்தது. கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். சென்னையில் தாப்பா இருந்தார், சாங்தே இருந்தார், எட்வின் இருந்தார், கிரிவெல்லாரோ நடுவில் காயம்படும் வரை இருந்தார். இருபது மேட்ச்சில் வெறும் பதினேழு கோல், எட்டாவது இடம். டீக்கடை என்ன சொன்னது என்று சொல்லவும் வேண்டுமா?

"அப்போ வால்ஸ்கிஸ்தான் காரணம், நல்ல ஸ்ட்ரைக்கர் இருந்தா போதும்" என்று சிலர் தப்பான பாடம் படித்துக்கொண்டார்கள். 2022 ஜனவரியில் அதே வால்ஸ்கிஸ் சென்னைக்குத் திரும்பி வந்தார். பழைய மாயம் திரும்பி வரவில்லை. ஆளைத் திருப்பி வாங்கலாம். கூடச் சேர்ந்து நகர்ந்த ஷெம்ப்ரியையும், அந்தக் கோச்சையும், அந்தப் பழக்கத்தையும் எங்கே வாங்குவது?

இன்னொரு தப்பான பாடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஃபார்வர்டும் இறங்கி வர வேண்டும் என்று இல்லை. 2015 டீமை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டெராஸி கோச், முன்னால் கொலம்பியாவின் மெண்டோசா, 13 கோல். அந்த ஆள் இறங்கி வந்து பாஸ் கொடுக்கிற ரகம் கிடையாது. டிஃபன்ஸுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்கு ஓடுவார், ஓடிக்கொண்டே இருப்பார். பால் வந்தாலும் ஓடுவார், வராவிட்டாலும் ஓடுவார். அந்த பயத்தில் எதிரணி டிஃபன்ஸ் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால் போய் நிற்கும். பின்னால் போனால் அவர்கள் மிட்ஃபீல்டுக்கும் டிஃபன்ஸுக்கும் நடுவில் ஒரு தெரு திறக்கும். அந்தத் தெருவில்தான் எலானோவும் ரஃபேல் அகஸ்டோவும் உலாவினார்கள். எலானோவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயசு, ஓட வேண்டிய அவசியமே இல்லை, மெண்டோசாதான் அவருக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தாரே. ஃபைனலில் கோவாவுக்கு எதிராக இஞ்சுரி டைமில் 3-2 ஆக்கின கோலும் மெண்டோசாவுடையதுதான்.

ஆக இறங்கி வந்தாலும் இடம் கிடைக்கும், பின்னால் ஓடினாலும் இடம் கிடைக்கும். நின்றால்தான் கிடைக்காது. நின்றுகொண்டிருக்கும் ஃபார்வர்டை ஒரு சென்டர் பேக் ஒற்றைக் கையால் பார்த்துக்கொள்வான், இன்னொரு சென்டர் பேக் ஃப்ரீ. அந்த ஃப்ரீயானவன் முன்னால் வந்து மிட்ஃபீல்டில் ஒரு ஆளாகச் சேர்ந்துகொள்வான். மிட்ஃபீல்டில் ஆள் குறைவாக இருந்ததால் தோற்றோம் என்று புலம்புகிறார்களே, அந்தக் குறைச்சல் வந்த வழி இதுதான்.

பால் நம்மிடம் இல்லாதபோது இன்னும் மோசம். எதிரணி ஸ்டாப்பர் பாலை வைத்திருக்கிறான். ஃபார்வர்டு அவனுக்கும் அவர்களுடைய நடு ஆளுக்கும் இடையில் நான்கு அடி தள்ளி நின்றால் போதும், அந்த பாஸ் வழி அடைபட்டுவிடும். ஸ்டாப்பர் ஓரத்துக்குத்தான் கொடுத்தாக வேண்டும். ஓரத்துக்குப் போனால் டச் லைனே நமக்கு ஒரு டிஃபண்டர். இதற்குப் பெரிய ஓட்டமெல்லாம் தேவையில்லை, நிற்கிற இடம் சரியாக இருந்தால் போதும். நம் ஒன்பதாம் நம்பர் என்ன செய்கிறான்? பால் போனதும் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்கிறான். ஸ்டாப்பர் பாலை உருட்டிக்கொண்டு கல்யாண ஊர்வலம் மாதிரி நடுக்கோடு வரை நடந்து வருகிறான். அவனைத் தடுக்க எட்டாம் நம்பர் முன்னால் போக வேண்டியிருக்கிறது. போனதும் அவனுக்குப் பின்னால் காலி. ஒரே பாஸ், கோல். கரையிலிருந்து சத்தம்: "டேய் எட்டு, இடத்த விட்டு எங்கிட்டுடா போற?"

கோச்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. இந்தப் பக்கத்தில் ஃபார்வர்டுக்குக் கொடுக்கப்படும் ஒரே அறிவுரை, "நீ மேலயே நில்லுடா, பால் வரும்." ஏன்? கோல் அடித்தவன் பேர்தான் மறுநாள் பேப்பரில் வரும். கோப்பை கொடுக்கிற பெரிய மனுஷர் கை குலுக்குவது அவனோடுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டுக்கு ட்ரையல்ஸ் போகும்போது "எத்தன கோல் தம்பி?" என்றுதான் முதல் கேள்வி. அப்புறம் எந்தப் பையன் இறங்கி வந்து அடுத்தவனுக்கு இடம் பண்ணிக் கொடுப்பான்? கோல் என்பது ரொக்கம், எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இடம் உண்டாக்குவது குட்வில் மாதிரி, சொத்துதான், ஆனால் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அதனால் எழுதுவதே இல்லை. விளைவு, ஃபார்வர்டுக்கு இடம் பண்ணத் தெரியாமல் போகிறது, மிட்ஃபீல்டருக்கு சீட் போகிறது. மேலூர்ப் பையனுக்கு அந்த சீட்தான் பி.காம் படிக்க இருக்கும் ஒரே வழி என்றால், ட்ரையல்ஸ் நாளில் தெரியாத ஒன்பதாம் நம்பர் ஒருத்தன் நாற்பது மீட்டர் தள்ளி நின்ற பாவத்துக்கு இவன் படிப்பு போகிறது. இது ஒன்றும் விளையாட்டுப் பேச்சு இல்லை.

நடுவில் ஒரு விஷயம். மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்சி 2019 மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. ஃபைனலில் மணிப்பூர் போலீஸிடம் முதலில் கோல் வாங்கி, பிறகு 3-1. முன்னால் ஆடியது நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, கோல் அடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். ஆனால் அன்றைக்கு இரண்டு கோல் போட்டது நடுவில் ஆடுகிற ரத்தன்பாலா தேவி. மான்செஸ்டர் மிட்ஃபீல்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற டீக்கடைகளில் இதைச் சொன்னால், "நம்ம ஊர்லயா? எப்போ?" என்கிறார்கள். இவர்கள்தான் நம் ஊரில் மிட்ஃபீல்டு இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள்.

கடைசியாக வரும் சாக்கு வெயில். "மதுர வெயில்ல மேல கீழ ஓட முடியுமாண்ணே? கோல் அடிக்கத் தெம்பு வேணாமா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் மாதம் வைகை மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, கண்மாய்க்குள் இருக்கும் கிரவுண்டுகளில் மதியம் மூன்று மணிக்கு அனல் பறக்கும். ஆனால் ஃபார்வர்டு மிச்சம் பிடிக்கும் பத்து மீட்டரை வேறு ஒருத்தன் ஓடியாக வேண்டும். அந்த ஒருத்தன் எட்டாம் நம்பர். அவனுக்கு மட்டும் தனியாக மேகம் வந்து குடை பிடிப்பதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மேட்ச் இருக்கிறது. போன வாரம் தோற்றதற்கு எட்டாம் நம்பரை எடுத்துவிட்டார்கள். திண்டுக்கல்லிலிருந்து புதுசாக ஒருத்தனைக் கூட்டி வருகிறார்களாம், ஆள் சூப்பர் என்று பேச்சு. ஒன்பதாம் நம்பர் அதே பையன்தான். அதே இடம்தான்.